ஏழாம் யூனிட், இரவு ஷிஃப்ட்

சபைன் ஆற்று முகத்துவாரத்தில்
கொசுக்களுக்கும் எங்களுக்கும் ஒரே ஷிஃப்ட்.

என் திரையில் எண்கள் மட்டும்:
அமிலத்தின் வலிமை எண்பத்தொன்பது,
வெப்பம் முப்பத்திரண்டு.
குளிர்நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்,
இந்தச் சேர்க்கைக்குச் சூடு ஆகாது.

கச்சா எண்ணெயைப் பிளந்து பிளந்து
பெட்ரோல் எடுத்த பிறகும்
கொஞ்சம் வாயு மிஞ்சும்.
டாங்கியில் நிற்காது, எஞ்சினுக்கும் உதவாது.
உச்சியில் கொளுத்திவிட்டால் ஒரு ராத்திரி வெளிச்சம்.

"இங்கே அதுகளுக்குக் கல்யாணம் பண்ணிவைக்கிறோம்"
என்பார் ஹார்லன், புதிதாய் வருகிறவர்களிடம்.
எனக்கென்னவோ இது புணர்ச்சி விதி.
ஐசோபியூட்டேன் நிலைமொழி,
பியூட்டிலீன் வருமொழி,
நடுவில் அமிலம்
உடம்படுமெய் மாதிரி வந்து நின்று
ஒட்டவைத்துவிட்டு
சொல்லில் தங்காமல் நழுவிப் போகும்.
கிடைப்பது எட்டுக் கார்பன் கொண்ட
கிளைத்த ஒரு சொல்.
சிலிண்டருக்குள் எவ்வளவு நெருக்கினாலும்
பொறி விழும்வரை வாய் திறக்காது.
அவ்வளவுதான் அதன் பெருமை.

இரண்டு பத்துக்கு ரேடியோவில் ஒடீல் கியட்ரி:
"நாலாவது ஃப்ளாஞ்சில் மஞ்சள் சிவந்திருக்கு.
கட்டைவிரல் அளவு."

ஆவி பட்டால் சிவக்கும் பெயின்ட் அது.
நாணம் என்று யாரும் எழுதிவிட வேண்டாம்.

அவள் கவச உடுப்பு மாட்டும் ஆறு நிமிடத்தில்
பம்பை நிறுத்தினேன், வால்வுகளை மூடினேன்,
நீர்ப் பீரங்கிகளை அந்தப் பக்கம் திருப்பினேன்.
இந்த அமிலம் தோலில் கூச்சல் போடாது.
உள்ளே இறங்கி எலும்பின் சுண்ணாம்பைத் தேடும்.
வலி நமக்கு வந்து சேர்வதற்குள்
எலும்போடு பேசி முடித்திருக்கும்.
அதற்கான களிம்பு
எல்லோர் சட்டைப்பையிலும் உண்டு,
பேனாவுக்குப் பக்கத்தில்.

கேமராவில் பச்சையாய் ஓர் உருவம்.
ஒரு போல்ட், கால் திருப்பு.
எதிர்ப்பக்கத்து போல்ட், கால் திருப்பு.
பிறகு அசையவில்லை.
ரேடியோவில் இரைச்சல்கூட இல்லை.
முப்பதுவரை எண்ணியிருப்பேன்.

"கொசு," என்றாள். "முகக்கண்ணாடிக்கு உள்ளே."

காலை ஆறரைக்கு நெடுஞ்சாலை பங்க்கில்
அவளுக்கு முன்னால் மூன்று பொத்தான்கள்:
எண்பத்தேழு, எண்பத்தொன்பது, தொண்ணூற்று மூன்று.
நாங்கள் செய்த சரக்கு
கடைசியில்தான் அதிகம்.
எண்பத்தேழை அழுத்தினாள்.

பதினேழு வருஷத்து டிரக்.
பாலத்து ஏற்றத்தில் தட்டுமே என்றேன்.

"தட்டட்டும்.
வீடு வரைக்கும் விழிச்சிருக்கணும்."