ஒண்ணு

ஞாயிறு ராத்திரி. வேப்பனப்பள்ளி.
மாம்பழக் கூழ் ஆலைக்குப் போகும் லாரிகள்
என் வீட்டுச் சுவரை உரசாத குறையாகத் திரும்புகின்றன.
பாடக்குறிப்பு நோட்டில் கட்டம் போட்டுவிட்டேன்:
நோக்கம், துணைக்கருவி, செயல்பாடு, மதிப்பீடு.
வகுப்பு ஒன்று. ஆங்கிலம். முதல் பாடம். நாற்பது நிமிடம்.
கோடுகள் நேராக வந்திருக்கின்றன.
இதுவரை திருப்தி அது மட்டும்தான்.

ஏ ஃபார் ஆப்பிள் என்று எழுதி அடித்தேன்.
வகுப்பில் பதினேழு பேர்.
பதினேழு பேரும் பழக்கூடைக்குள் உட்கார்ந்து வளர்ந்தவர்கள்.
துர்கேஷின் அப்பா ஆலையில் கொட்டை பிரிக்கிறார்.
சாய்ஸ்ரீ கண்ணை மூடிக்கொண்டு ஒரு கடி கடித்து
பெங்களூராவா செந்தூராவா என்று சொல்லிவிடுவாள்.

சரி, மாங்கோ.
மாங்காய்தான் கப்பலேறிப் போய் மாங்கோ ஆனது என்று
ஒரு வரி எழுதி அடியில் இரண்டு கோடும் இழுத்தேன்.
கைதட்டு வாங்கும் வரி.
ஐந்து வயசுக்குக் கப்பல் எதற்கு?
அதிலும் அவர்கள் வீட்டில் அது மாமிடிக்காய்.
என் பெருமையை அவர்கள் பாடத்தில் ஒளித்து வைக்கப் பார்த்திருக்கிறேன்.
அதையும் அடித்தேன். இந்தக் கோடு கோணிக்கொண்டது.

நான் திருத்துறைப்பூண்டிக்காரி.
பக்கத்து வீட்டில் தெலுங்கு, டீக்கடையில் கன்னடம்,
கறிக்கடையில் உருது.
பிள்ளைகள் எனக்காக ஏறி வருவது தமிழ்ப் படி.
அதிலேயே மூச்சு வாங்குகிறது.
அடுத்த படியைக் காட்டு என்கிறது கால அட்டவணை.

கரண்ட் போய்விட்டது.
இருட்டில் வியாழக்கிழமை வந்து நின்றது.

அன்று எண்கள் நடத்தினேன்.
யாராவது ஒண்ணு காட்டுங்க பார்க்கலாம், என்றேன்.
சேர்ந்த நாளிலிருந்து வாயே திறக்காத ரெட்டெம்மா
சட்டென்று ஒரு விரலை நீட்டினாள்.
எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும்!
அருமை என்றேன். எல்லாரையும் கைதட்ட வைத்தேன்.
அவள் விரலை இறக்கவில்லை.
இன்னொரு தடவை தட்டச் சொன்னேன்.
அப்புறம்தான்
பாயின் ஓரத்திலிருந்து மெல்ல ஒரு கோடு
துர்கேஷின் சிலேட்டு வரைக்கும் ஊர்ந்து வந்தது.

சத்துணவு முனிலட்சுமி வாளியோடு வந்தாள்.
"ஒண்டிக்கி டீச்சர்" என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.
"ஒண்டிக்கி போகணும்னு காட்டியிருக்குது பிள்ள.
கன்னடக்காரங்க ஒந்தக்கெம்பாங்க.
உங்க ஊர்ல எப்பிடி?"

எங்க ஊரில் ஒண்ணுக்கு.
எல்லா ஊரிலும் அதே ஒரு விரல்.
நான்தான் அதைக் கணக்கு என்று படித்தேன்.

போன் வெளிச்சத்தில் புதுப் பக்கம் திருப்பினேன்.
நோக்கம்: ஒரு சொல். ஒன்.
(வன் என்று உதட்டைக் குவிக்கணுமாம்,
பயிற்சியில் சொன்னார்கள். ஜன்னல் கண்ணாடியில்
குவித்துப் பார்த்தேன். வந்தது, வராமலும் போனது.)
துணைக்கருவி: விரல்.
செயல்பாடு: நான் ஒரு விரல் நீட்டி ஒன் என்பேன்.
நீட்டியபடியே கதவுக்குப் போய்த் திறப்பேன்.
பதினேழு பேரும் ரயில் கோத்து என் பின்னால்
புங்கமரம் தாண்டி, கழிவறை வாசல் வரை.
அங்கே தாழ்ப்பாள் என் தோள் உயரத்தில் இருக்கிறது.
ஒரு முழம் கயிறு வாங்கணும், மறக்கக் கூடாது.
இனி யார் எப்போது நீட்டினாலும்,
கூட்டல் நடக்கும்போதே நீட்டினாலும்,
கதவு திறக்கும்.

பாதிப் பேர் சும்மாவே நீட்டுவார்கள், தெரியும்.
போய் ஓணான் பார்த்துவிட்டு வருவார்கள்.
நாற்பதில் இருபது நிமிடம் அதிலேயே தீரும்.
தீரட்டும்.

மதிப்பீடு என்ற கட்டத்தில்தான்
பேனா வெகுநேரம் நின்றது.
அதிகாரி வந்தால் முதலில் அதைத்தான் புரட்டுவார்.
எழுதினேன்:
கடைசி மணி அடிக்கும்போது
பாய் காய்ந்திருக்க வேண்டும்.