பாக்கி

ஆளுக்கு இலவசம், மூட்டைக்குக் காசு.
சட்டம் அப்படி, நான் போட்டதில்லை.
ஜங்ஷனில் முதலில் ஏறியது பீடி இலைக் கட்டு,
அதற்குப் பின்னால் ஒரு கை,
அதற்கும் பின்னால் ஒரு முக்காடு.
"மேலப்பாளையம், பஜார்."

மெஷின் கிர்ரென்று துப்பியது
பூஜ்யம் அச்சடித்த சீட்டை.
இப்போதெல்லாம் பெண்கள் என் முகத்தைப் பார்ப்பதில்லை.
குறையாகச் சொல்லவில்லை.
முன்பு பார்த்ததும் சில்லறைக்காகத்தான்.

கட்டுக்குப் பத்து ரூபாய் என்றேன்.
நிமிர்ந்தாள்.
மைதீன் பாத்து.

சீட்டு இரண்டு ரூபாயாக இருந்த காலம் அது.
தோல் பை, கட்டைவிரலில் ரப்பர் உறை,
காதில் பென்சில்.
எட்டே முக்கால் நடை ஆற்றுப்பாலத்தில் ஏறும்போது
படியில் எத்தனை பேர் தொங்குகிறார்கள் என்பது
படிக்கே தெரியாது.
பத்து ரூபாய் நீட்டினாள். பையில் சில்லறை இல்லை.
சீட்டின் முதுகில் 8 என்று எழுதி
அடியில் ஒரு சுழி போட்டேன்.
"இறங்கும்போது கேட்டு வாங்கிக்கிடுங்க."

பஜாரில் பாதி வண்டி இறங்கியது.
அதோடு அவளும்.

பையில் குறைந்தாலும் குத்தம், கூடினாலும் குத்தம்.
அந்த எட்டு ரூபாயை
நானும் டிரைவர் டேவிட் பொன்னையாவும்
வண்ணார்பேட்டையில் டீயும் வடையுமாகத் தீர்த்தோம்.
வடை சூடாக இருந்தது.
அதுவரை தப்பென்று ஒன்றும் இல்லை.

பதினேழு நாள் கழித்து வந்தாள்.
ரேஷன் கார்டு உறைக்குள் பத்திரமாய் அந்தச் சீட்டு.
கார்டில்தான் பெயரைப் பார்த்தேன்.
எட்டின் இடப்பக்கத்தை வியர்வை தின்றிருந்தது.
மிச்சம் நின்றது 3 மாதிரி.
மாதிரிதான்.
எழுதிய கைக்குத் தெரியாதா?
"மூணுதானே" என்றேன்.

சீட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
வண்டி மொத்தமும் தன்னைப் பார்ப்பதைப் பார்த்தாள்.
"எழுதுனது நீங்கதான அண்ணாச்சி,
நீங்க சொன்னாச் சரி."
எண்ணாமல் வாங்கி முடிந்துகொண்டாள்.

அதற்கப்புறம் பாபநாசம் டிப்போ, வள்ளியூர்,
முழங்காலில் தேய்மானம்,
பஸ்ஸுக்கு வேறு பேர், வேறு பெயிண்ட், காற்றில் மூடும் கதவு.
அந்த ஐந்து ரூபாய்க்கு வட்டி போட்டால்
ஒரு டயர் வாங்கலாமோ என்னவோ.
போட்டுப் பார்க்கவில்லை.

இன்று இருபது ரூபாய்த் தாள் கொடுத்தாள்.
பத்து தர வேண்டும்.
பதினைந்து தந்தேன், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.
அவள் இப்போதெல்லாம் எண்ணுகிறாள்.
"அஞ்சு கூடுது."
"இருக்கட்டும்."
"ஐயே, உங்க கைக்காசுல்லா போயிரும்."
மெஷினின் மேலேயே வைத்துவிட்டாள் நாணயத்தை.

அது பழைய...
என்று ஆரம்பித்தேன்.
குறிச்சியில் கதவு திறந்து
ஒரு பள்ளிக்கூடமே உள்ளே வந்தது.
சொல் எங்கேயோ பின் சீட்டுக்குத் தள்ளப்பட்டது.

பஜார் வந்ததும் கட்டின் ஒரு முனையை நான் பிடித்தேன்.
புகையிலை வாடை, இலையின் சொரசொரப்பு,
படி உயரம்.
"பாத்து" என்றேன்.
பேரைச் சொன்னேனா, எச்சரித்தேனா,
எனக்கே பிரியவில்லை.
அவள் "சரி சரி" என்றாள், கால் தரையைத் தேடியபடி.
விசில் கொடுத்தேன். வண்டி நகர்ந்தது.

ராத்திரி டிப்போவில் காசாளர் பையன்
இரண்டு தடவை எண்ணினான்.
"அஞ்சு ரூவா கூடுதே அண்ணே, யார் பாக்கி?"
தெரியலடே என்றேன்.
"சரி, கூடுதல்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."
பேனாவை வாங்கி 8 என்று எழுதினேன்.
அடித்துவிட்டு 5 என்று எழுதினேன்.
"தூக்கமா அண்ணே?" என்றான்.