ஈடு

கரண்ட் போன மத்தியானம்
கோத்தகிரிக் கடைக்குக் காலி டப்பாவோடு வந்தாள் சோல்வேய்.
முதுகுத் துணியில் குழந்தை, மூக்கெல்லாம் சிவப்பு.
"இதே மாதிரி வேணும்."

டப்பா மேல் ஒற்றைச் சொல்,
குஞ்சப்பனை இறக்கத்துப் பஸ் போல
நிற்காமல் ஓடுகிறது.
நகத்தால் மூன்றாக வெட்டினாள்.
மூர்ஸ், அம்மாவின். மெல்க், பால்.
அந்த 'இன்'னுக்கு அவர்கள் ஓர் எழுத்து செலவழிக்கிறார்கள்.
நாம் தாய்ப்பாலில் வேற்றுமையை விழுங்கிவிட்டு
ஒரு 'ப்' மட்டும் ஒட்டுக்கு வைக்கிறோம்.
எர்ஸ்தாத்னிங்
ஜெர்மன் பக்கமிருந்து வந்து தங்கிவிட்டதாம்.
பதிலுக்கு வைப்பது.
கொஞ்சம் யோசித்து,
"வண்டி இடிச்சா இன்ஷூரன்ஸ் தருமே,
அதுவும் இதே சொல்தான்."

ஈடு, என்றேன்.

ஐப்பசியில் மண் சரிந்த லைன் வீட்டில்
பவளக்கொடி போனாள்.
தாலுகா ஆபீஸ் செக் இன்னும் வரவில்லை.
துரைக்கண்ணு சனிக்கிழமை தவறாமல்
ஒரு டப்பா கடனுக்கு எடுப்பான்,
கவிழ்த்துப் பிடித்துக்
காலாவதித் தேதி பார்ப்பான்.
நோட்டில் அவன் பக்கம் முழுக்க
'பவுடர் 1, பவுடர் 1'
என் கையெழுத்து.

அலமாரியில் இருந்தது இரண்டு.
ஒன்றை அவளுக்குக் கொடுத்தேன்.
இன்னொன்றையும் கேட்டாள்.
இல்லை என்று சொல்லி
மேசைக்கு அடியில் காலால் தள்ளினேன்.

இன்று வெள்ளி.