ரிட்டர்னுக்குக் கீழே ஒரு வரி

கார்டோனா பால் கூட்டுறவில்
தராசுக்குப் பக்கத்து மேசை என்னுடையது.
உருகுவேயின் இந்த மூலையில்
சூரியனுக்கு முன் பால் எழுந்துவிடும்.
எத்செவெரி பண்ணை நானூற்றுப் பன்னிரண்டு லிட்டர்,
சுவிஸ் சகோதரர்கள் முன்னூற்று எண்பது,
ஓடைக்கரை ஒதிலியா இருநூற்றுத் தொண்ணூற்றைந்து.
அவள் கேன்களில் மட்டும் எப்போதும் புல் ஒட்டியிருக்கும்.

கூட்டிக் கூட்டிச் சலித்து
முப்பத்தொன்பதாம் வயதில்
பைத்தான் படிக்க உட்கார்ந்தேன்,
அடுப்படி மேசையில், மாத்தே ஆறிப்போக.

‘அளவு’ என்று ஒரு ஃபங்ஷன்.
பண்ணையின் பெயரைப் போட்டால்
லிட்டரைப் பிரிண்ட் செய்யும்.
பளிச்சென்று 412!
நாயைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

மூன்றையும் கூட்டு என்றேன்.
412 என்றது, 380 என்றது,
அதோடு சிவப்பில் சீறி நின்றது.
ஒதிலியாவின் முறை வரவேயில்லை.
இன்மையோடு இன்மையைக் கூட்ட முடியாதாம்.
இன்மையா?
இதோ, கண்முன் நிற்கிறதே எண்!

மறுநாள் மழை.
ஒதிலியாவின் லாரி சேற்றில் புதைந்துவிட்டது.
கேட்டுக்கு வெளியே நின்றபடியே கத்தினாள்:
“இருநூற்றுத் தொண்ணூற்றைந்து!”
கேட்டேன். எல்லோருக்கும் கேட்டது.
தொட்டியில் ஒரு சொட்டு ஏறவில்லை.

ஏட்டுச் சுரைக்காய்க்கு
ஒரு தங்கை இருக்கிறாள் போல.
திரையில் தெரியும் பால்
எத்தனை உறை ஊற்றினாலும் திரையாது.

அன்றிரவு ஒரே ஒரு சொல்லை மாற்றினேன்.
ரிட்டர்ன்.
ஓட்டினால், வெறும் கறுப்பு.
கெடுத்துவிட்டேனோ என்று பயம்.
மொத்தத்தைக் கேட்டுப் பார்த்தேன்:
1087.
என் பெயரைக்கூடச் சொல்லாமல்
யாரோ கையில் வைத்துவிட்டுப் போன மாதிரி.

சும்மா இருக்க முடியவில்லை எனக்கு.
ரிட்டர்னுக்குக் கீழே
‘நன்றி, மீண்டும் வருக’ என்று ஒரு பிரிண்ட் சேர்த்தேன்.
வரவில்லை. பிழை என்றும் சொல்லவில்லை.
கொடுத்த கணத்திலேயே
ஃபங்ஷன் கதவைச் சாத்திக்கொள்கிறது.
அதன் கீழே என்ன எழுதினாலும்
வெளியே மழையில் நிற்க வேண்டியதுதான்.

வியாழக்கிழமை வால்தெமார் வந்தான்.
ஏழு வருடம் ஊருக்கே கேட்கும்படி
தருகிறேன், தருகிறேன் என்றவன்.
வண்டிச் சாவியை என் உள்ளங்கையில் வைத்தான்.
கனமாக இருந்தது, கொஞ்சம் சூடாகவும்.
வாசல்வரை போய்த் திரும்பி நின்று
ஏதோ சொல்லத் தொடங்கினான்.
உதடு அசைந்தது.

நான் அன்றைய பாலைப்
பேரேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.