ஒரப்பம் ஸ்டாப்பிங்

பர்கூரில் பள்ளி விட்டு
பதினாறு பேர் ஏறினோம் டவுன் பஸ்ஸில்.
எல்லார் மேலும் ஒரே அரசாங்கத் துணி,
அக்குளில் ஒரே இறுக்கம்.
கண்டக்டர் பதினைந்து பேரைத் தாண்டி வந்து
சுக்மணி முன்னால் நின்றார்.
"பாஸ் எங்க?"

பையைத் துழாவினாள்.
கணக்கு நோட்டு, காலி டப்பா,
மூடி வார் அறுந்த தண்ணி பாட்டில்.
"வீட்டுல மறந்துச்சு அண்ணா."
"எந்த வீட்டுல? ராஞ்சிலயா?"

பஸ் சிரித்தது.
பால்கேனோடு நின்றவர் சிரித்தார்.
கீரைக் கூடை அம்மா சிரித்தாள்;
நல்லவள்தான், நேற்று எனக்கு இடம் கொடுத்தவள்.
நானும் பாதி சிரித்திருந்தேன்.
பழக்கம்.
வருகைப் பதிவில் அவள் பேர் வந்தால்
பின் பெஞ்சு "பீடா" என்று உள்ளேன் சொல்லும்.
"ஏய், சும்மா இருங்கடா" என்பார் டீச்சர்,
சிரிப்பை முந்தானையில் துடைத்துக்கொண்டு.
விளையாட்டு என்போம் அதை.
விளையாட்டு என்றால்
முறை மாறி மாறி வர வேண்டுமே.
அவள் முறை வந்ததே இல்லை.

அப்போதுதான் உறைத்தது:
என் பாஸ்
அம்மாவின் தையல் மிஷின் டிராயரில்
பாபின்களுக்கு நடுவே கிடக்கிறது,
ஜூலையிலிருந்து.
இது ஜனவரி.
ஒருத்தரும் என்னைக் கேட்டதில்லை.
என் மூக்கைப் பார்த்தார்கள்,
என் "அண்ணா"வின் நீளத்தைக் கேட்டார்கள்,
அதுவே பாஸாக இருந்திருக்கிறது.

அப்பாவுக்கு பெங்களூரில் சென்ட்ரிங் வேலை.
சனி ராத்திரி வருவார், ஞாயிறு முழுக்கத் தூங்குவார்.
அங்கே அவரைக் "கொங்கா" என்பார்களாம்.
கோபம் வராதா என்று கேட்டேன்.
"சிமெண்டு மாதிரிம்மா, கழுவினா போயிடும்."
அவர் நகக்கண்ணில் சிமெண்டு
போய் நான் பார்த்ததில்லை.

எழுந்தேன். வீரமாய் ஒன்றுமில்லை,
பஸ் குலுங்கியதில் கம்பி தோளில் இடித்தது.
சொல்ல நினைத்தது ஒரு பக்க நீளம்.
வந்தது இவ்வளவுதான்:
"அண்ணா, எங்கிட்டயும் பாஸ் இல்ல."
"உன்னையா கேட்டேன்? உக்காரு பாப்பா."
"அதான் கேக்கறேன். ஏன் என்னைக் கேக்கல?"

விசில் அவர் வாயிலேயே கொஞ்ச நேரம் நின்றது.
சிரித்த பஸ்ஸுக்குத் திடீரென்று
ஜன்னலுக்கு வெளியே வேலை வந்துவிட்டது.
"சின்னப் புள்ளைங்க, விடுப்பா" என்றார் பால்கேன்காரர்.
அதற்குள் ஒரப்பம்.
சுக்மணி இறங்கினாள். அது அவள் ஸ்டாப்பிங் இல்லை.
என்னுடையதும் இல்லை.

கிரானைட் பாளத்தோடு லாரிகள் போயின.
எங்கப்பா பாலிஷ் போட்டா முகம் பார்க்கலாம் என்று
வகுப்பில் ஒருநாள் சொன்னாள்.
அதற்கும் சிரித்திருந்தோம்.

ஒரு நன்றிக்காக என் காது
வெட்கமில்லாமல் காத்திருந்தது.
மூன்று புளியமரம் தாண்டியபின் கேட்டாள்:
"நேத்து நீயும் சிரிச்ச இல்ல?"
ஓரெழுத்துப் பிசகாத தமிழ்.

"ஆமா" என்றேன்.
அதோடு வேறெதையும் சேர்க்காமல் இருப்பது
கண்டக்டரிடம் பேசியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

தண்ணீர் குடித்தாள்.
பாட்டிலை என்னிடம் நீட்டவில்லை.
இன்னும் நாலு கிலோமீட்டர்.

நாளைக் காலை அவள் பேர் வாசிக்கும்போது
பின் பெஞ்சைத் திரும்பிப் பார்க்க வேண்டும் நான்.
இப்போதே கழுத்து வலிக்கிறது.