ஒருக்களித்துக் கிடந்த எழுத்து

மைனஸ் முப்பத்தொன்று.
வேனுக்குள் டீசல் கூழாகிவிட்டது.
அடியில் தீ மூட்டி, கெஞ்சி, திட்டி
வந்து சேர மத்தியானம் ஆயிற்று.
கோபியில் எனக்கு இது பதினோராவது அலுவலகம்.
பையில் ஒரு பென் டிரைவ், ஓர் ஆணை,
கடித்துப் பார்த்தால் பல் உடையும் சாக்லேட் மூன்று.

ஆணை இதுதான்: இனி சான்றிதழ் எல்லாம்
இரண்டு எழுத்தில் வர வேண்டும்.
ஒன்று நாங்கள் படித்து வளர்ந்த ரஷ்ய எழுத்து.
மற்றது அதற்கும் முன்னால் எங்களுடையது,
மேலிருந்து கீழே இறங்குவது.
கணினிக்கோ இடமும் வலமும்தான் தெரியும்.

பென் டிரைவில் இருந்தது பழைய பதிப்பு;
இயங்குதளம் முகத்தைத் திருப்பிக்கொண்டது.
‘மொழியைச் சேர்’ என்ற பொத்தானை அழுத்தினேன்,
குழம்புக்கு உப்புச் சேர்ப்பதைப் போல.
மூன்று சதவீதம்.
வானத்திலிருந்து இணையம் சொட்டிக்கொண்டிருந்தது.
பதிவாளர் யான்ஜ்மா அடுப்பில் நிலக்கரி போட்டாள்,
உப்புத் தேநீர் ஊற்றினாள்,
நாலாவது சதவீதத்தில் தன் விவாகரத்தைச் சொன்னாள்,
ஒன்பதில் அதற்கே சிரித்தாள்,
அறுபதில் இருவருமே தூங்கிவிட்டோம்.

மறுதொடக்கம்.
வந்துவிட்டது எங்கள் எழுத்து,
நிற்க வேண்டியது ஒருக்களித்துப் படுத்தபடி
காய்ச்சல்காரனைப் போல.
யான்ஜ்மா கழுத்தைச் சாய்த்துப் பார்த்தாள்.
சுளுக்கிக்கொள்ளும் என்றேன்.
பேசாமல் திரையைத் தூக்கிக் குத்தாக நிறுத்தி
இரண்டு பிறப்புப் பதிவேடுகளை முட்டுக்கொடுத்தாள்.
எழுத்து எழுந்து நின்றது.
கடிகாரம் படுத்துக்கொண்டது.
மவுஸை வலப்பக்கம் நகர்த்தினால்
அம்பு கீழே விழுந்தது.

அந்த நேரம் பார்த்து சோத்னோம் வந்தான்,
மீசையில் பனி உறைந்து.
செத்த ஆடுகளுக்குச் சான்றிதழ் வேண்டும்,
வங்கியில் கேட்கிறார்கள்.
முதல் தாள்: எழுத்துகள் தனித்தனியாக
ஒன்றையொன்று தெரியாதவர்போல வந்தன.
எங்கள் எழுத்துக்கு மூன்று உடம்பு,
சொல்லின் தலையில் ஒன்று, நடுவில் ஒன்று, வாலில் ஒன்று.
பக்கத்தில் யார் என்று பார்த்தே உருமாறும், கைகோக்கும்.
இந்த எழுத்துருவுக்கு அந்தப் பழக்கம் இல்லை.
‘தலையெழுத்தே சரியில்லை’ என்றான் சோத்னோம்.
எதைச் சொன்னான் என்று நான் கேட்கவில்லை.

எழுத்துருவை மாற்றினேன்.
இரண்டாம் தாள் சூடாக வந்தது,
இரண்டு எழுத்தும் பக்கத்துப் பக்கத்தில்.
‘இதில் நான் எங்கே?’
யான்ஜ்மாவின் விரல் உச்சியிலிருந்து
அவன் பெயரின் மேலேயே இறங்கி வால்வரை போனது.
‘ஆடுகள்?’
ரஷ்யப் பக்கத்தில் 212 நேராக இருந்தது.
இந்தப் பக்கத்தில்,
நிமிர்ந்து நிற்கும் எழுத்துகளின் நடுவே
அதே 212
பக்கவாட்டில் விழுந்து கிடந்தது.
அதை மட்டும் அவனே படித்துக்கொண்டான்.
தாளை நாலாய் மடித்து
காலணிக்குள் செருகினான். போகவில்லை.
அடுப்புப் பக்கம் நின்றான்.

சாயங்காலம் அணைக்கப் போனேன்.
கணினி ஏதோ கேட்டது, எங்கள் எழுத்தில்,
கேள்வியின் அடியில் இரண்டு பொத்தான்.
பள்ளியில் இரண்டு வருடம் படித்தேன்தான்;
பரீட்சையில் முன்பெஞ்சைப் பார்த்து எழுதினேன்.
யான்ஜ்மாவுக்கு மூன்று மாத வகுப்பு,
பெயர்கள் வரை வந்திருக்கிறாள்.
சோத்னோம் தன் பங்குக்குத் தலையைச் சாய்த்தான்.
திரை நேராகத்தான் நின்றது,
எங்கள் மூன்று தலைகளும் ஏனோ சாய்ந்திருந்தன.

‘குட்டையாக இருப்பதுதான் ஆமாம்’ என்றாள் அவள்.
‘எப்படித் தெரியும்?’
‘சம்மதம் சட்டென்று முடிந்துவிடும்.
மறுப்புக்குத்தான் நிறையப் பேச வேண்டியிருந்தது, எனக்கு.’

அழுத்தினேன்.
திரை இருண்டது.
அணைந்ததா, அழிந்ததா,
காலையில் பார்க்கலாம் என்று
அடுப்புக்கு இன்னும் ஒரு கரண்டி நிலக்கரி போட்டாள்.