பேரிங் சத்தம்

சால்மியாவில் ஒரு காபிக் கடை.
உள்கூரைப் பலகையைக் கழற்றி
தலையை உள்ளே விட்டிருக்கிறேன்.
கீழே இசைத்தட்டு ஓடுகிறது.
நாலாவது சுரத்துக்குள்
இடது கைச் சுண்டுவிரல்
ஏணிக் கம்பியை அழுத்திவிட்டது.
எனக்கு விஷயம் அப்புறம்தான் தெரிந்தது.

எண்பத்தைந்து. ஷுவைக்.
நியூசிலாந்து ஆட்டிறைச்சி தொங்கும் குளிர்க்கிடங்கு.
மெக்கானிக் என்பதால் சாவி என்னிடம்.
வியாழன் ராத்திரி பதினொன்றுக்கு மேல்
ஹாகோப்பின் டொயோட்டா விளக்கணைத்து வரும்.
ரேடியோ ரிப்பேர்க்காரன், ஆர்மீனியன்,
கிட்டாரில் மூன்று கம்பிதான் வைத்திருந்தான்.
மிச்சம் எதற்கு என்பான்.
ஸவியோ ஹோட்டல் கல்யாணங்களில் டிரம்ஸ் அடிக்கிறவன்.
எங்களோடு இருக்கும்போது
சிம்பலைத் தொடக்கூடாது என்று சட்டம்.
நஜ்வா ஹவல்லியில் பள்ளிக்கூட டைப்பிஸ்ட்.
பாடமாட்டாள்.
இக்காமா புதுப்பிக்கும் படிவத்தை
முதல் கட்டத்திலிருந்து வாசிப்பாள்:
பெயர், தகப்பன் பெயர், பிறந்த ஊர்.
பிறந்த ஊரில் நிறுத்துவாள்.
எட்டுத் தாளம் காத்திருப்போம்.
சில ராத்திரி பதினாறு.

சுவருக்குள் ஒரு முழம் கார்க்.
உள்ளே இடி விழுந்தாலும் வாட்ச்மேன் தூங்குவார்.
நிறுத்த முடியாதது கம்ப்ரசர் ஒன்றுதான்.
நிறுத்தினால் நாற்பது டன் இறைச்சி போகும்,
என் வேலை போகும்,
மறுநாளே எக்ஸிட் அடிப்பார்கள்.
மூன்று வாரம் அதோடு மல்லுக்கட்டினோம்.
மெத்தை சாத்தினோம், மைக்கைத் திருப்பினோம்.
நாலாவது வாரம் ஸவியோ சொன்னான்:
அவனும் பாண்டில் இருந்துட்டுப் போகட்டும்.

குளிரில் கம்பி இறுகும்.
பாஸ் கிட்டார் தானாகவே கொஞ்சம் ஏறி நிற்கும்.
கம்ப்ரசரும் அங்கேயேதான் நின்றது.
ஏழரை டன் சுருதிப்பெட்டி!
எந்த வித்வானுக்கு வாய்க்கும்?

ஏழு பாட்டு, முப்பத்தொரு நிமிஷம்.
எக்ஸிட் என்று பெயர் வைத்தது நான்.
பாஸ்போர்ட்டில் குத்துகிற அதே ஊதா மையில் அட்டை.
இருநூறு கேசட் போட்டோம்,
பத்தொன்பது விற்றது.
ஒருத்தர் திருப்பிக் கொண்டுவந்தார்,
பின்னால் ஏதோ மெஷின் ஓடுது என்று.
நன்றாகக் கேட்டவர் அவர் ஒருத்தர்தான்.

பிறகு தொண்ணூறு, ஆகஸ்ட்.
மாஸ்டர் டேப் கிடங்கில் இருந்தது,
கிடங்கில் கரண்ட் இல்லை.
இறைச்சிக்கு என்ன ஆனதோ அதுதான் அதற்கும்.
நான் பாலைவனத்தில் தண்ணீர் வரிசையில் நின்றேன்.
ஹாகோப் கனடா போனான்.
ஸவியோ மட்காவில் பேக்கரி வைத்து
சர்க்கரை வந்து செத்தான்.
நஜ்வாவுக்கு எக்ஸிட் அடித்தார்கள்.
எங்கே என்ட்ரி அடித்தார்கள் என்று
இன்றுவரை தெரியாது.

கீழே கடைப் பையன்
யாருக்கோ விளக்கிக்கொண்டிருக்கிறான்.
அம்மான் பழைய சாமான் சந்தையில்
லெய்ப்சிக்காரன் ஒருவன் கேசட்டை எடுத்தானாம்,
இப்போது தட்டு பதினாலு தினாராம்,
மெக்சிகோவில் இதைக் கேட்டு
ஒரு பாண்டே பிறந்திருக்கிறதாம்,
அந்த எட்டுத் தாள மௌனத்தை
எல்லாரும் காப்பியடிக்கிறார்களாம்.
அட்டையை ஏணியிலிருந்தே எட்டிப் பார்த்தேன்.
பாஸ்: தெரியவில்லை.
அது போகட்டும்.

மௌனமா?
அங்கே எங்கேயடா மௌனம் இருந்தது?
நஜ்வா நிறுத்திய இடத்தில்
கம்ப்ரசர் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.
அதைத்தான் இரைச்சல் என்று துடைத்திருக்கிறார்கள்.
பளிச்சென்று இருக்கிறது தட்டு,
கழுவிவிட்ட பிணவறை மாதிரி.

கடையின் புகார்: ஏசி முனகுகிறது.
பேரிங் தேய்ந்திருக்கிறது.
சோதிக்க ஸ்விட்சைப் போட்டேன்.
அதே நேரம் கீழே அவள்
தகப்பன் பெயரைத் தாண்டி வந்துகொண்டிருந்தாள்.
பிறந்த ஊர்.
என் தலைக்குமேல் பிளோயர் முனகியது,
அரைக்கால் சுருதி இறக்கம்தான்,
ஆனாலும் எட்டுத் தாளமும் விடாமல் முனகியது.

பலகையை மூடினேன்.
சரியாச்சா அங்கிள்?
பார்ட் வரணும் தம்பி, அடுத்த வாரம்.
புது பேரிங் பையில் இருந்தது,
கிரீஸ் காகிதம்கூடப் பிரிக்கவில்லை.
தட்டைத் திருப்பிப் போடு என்றேன்.
ஏணியை மடக்கவில்லை.